கஞ்சாவை மூலிகை என்று கர்ப்பிணியிடம் சொல்லாதீர்கள்



ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. "கஞ்சா என்ன விஷமா? மூலிகைதானே. ஆயுர்வேதத்திலயும் இருக்கு. அரசாங்கமே ஏற்றுமதிக்குப் பயிரிடப் போகுதாம்." ஆட்டோ தரிப்பிடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்தக் கதை இப்போது பிள்ளைத்தாய்ச்சிகளின் காதுக்கும் போகிறது. "வாந்தி நிற்கும், நல்லா நித்திரை வரும்" என்று மதன மோதக உருண்டையை நீட்டவும் ஆள் இருக்கிறது.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதில் வாய் மூடி இருக்க முடியாது. அந்தப் பிள்ளை ஐந்தாறு வருடத்தில் எங்கள் வகுப்புக்குத்தான் வரும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று யார் சொன்னது? ஊமத்தையும் மூலிகைதான். அரைத்துக் குடிப்பீர்களா? ஏற்றுமதித் திட்டம் வெளிநாட்டு மருந்துக் கம்பனிகளுக்கானது, நம் வீட்டு அடுப்படிக்கு அல்ல. கஞ்சாவை 2018இல் சட்டபூர்வமாக்கிய கனடாவிலேயே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தொட வேண்டாம் என்று சுகாதார அமைச்சு எச்சரிக்கிறது.

காரணம் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருள் டிஎச்சி. அது நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகிறது. கொழுப்பில் கரைந்து தங்குகிறது. கடைசியாகப் பாவித்து ஆறு நாள் கழிந்த பின்னும் தாய்ப்பாலில் அது இருந்ததை 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உம்மாவுக்கு ஒரு மணி நேர மயக்கம், பிள்ளைக்கு நாள் கணக்கில் நஞ்சு.

கனடாவின் ஒன்ராறியோவில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கஞ்சா பாவிக்காதவர்களில் 100க்கு 6 பேருக்குக் குறைமாதப் பிரசவம், பாவித்தவர்களில் 12 பேருக்கு. சிகரெட், மது, வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்ட பின்னும் ஆபத்து சுமார் 40 வீதம் அதிகமாகவே நின்றது.

பள்ளிக்கூட வயதில் என்ன நடக்கிறது? ஒட்டாவாவில் 1978இலும் பிட்ஸ்பர்க்கில் 1982இலும் தொடங்கிய ஆய்வுகள் இத்தகைய பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தன. அதிகம் பாவித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் ஞாபகமும் சொல்லாற்றலும் பின்தங்கின. பத்து வயதளவில் கவனம் நிலைக்காமை, துடுக்கு, அவசர புத்தி. அடங்காத பிள்ளை எல்லாம் இப்படிப்பட்டது என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது, அது இன்னொரு அநியாயம். ஆனால் தவிர்க்கக்கூடிய ஒரு சுமையைப் பிறக்கும் முன்னரே பிள்ளையின் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

"வாந்திக்கு நல்லது" என்பவர்களுக்கு: தொடர்ந்து கஞ்சா பாவிப்பதே சிலருக்கு அடங்காத வாந்தியைக் கொண்டுவரும். கர்ப்ப கால வாந்திக்குக் கிளினிக்கில் பாதுகாப்பான மருந்து இருக்கிறது, அதுவும் இலவசமாக.

இனி ஆண்களுக்கு. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் முதலில் யாரைக் கேட்கிறோம்? "நீ என்ன தின்டாய்" என்று உம்மாவை. அதே வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகைத்த வாப்பாவை யார் கேட்டது? மூடிய அறையில் அந்தப் புகை அவளுடைய நெஞ்சுக்குள்ளும் போகிறது. குடும்ப மானம் என்று மறைப்பதால், கிளினிக் அட்டையில் கடைசி வரை அது எழுதப்படுவதே இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் பொலிஸ் அல்ல. அவரிடம் சொன்னால்தான் பிள்ளையின் வளர்ச்சியைக் கவனித்துப் பார்ப்பார்கள். வெட்கத்தால் கிளினிக் போகாமல் இருப்பது இரண்டாவது ஆபத்து.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் கேட்கிறோம். போதை ஹராம் என்று ஜும்ஆவில் சொல்கிறீர்கள், நல்லது. ஒரு வெள்ளிக்கிழமை கர்ப்பிணி இருக்கும் வீட்டைப் பற்றியும் பேசுங்கள். பெண்களைத் திட்ட வேண்டாம், கணவன்மாரிடம் பேசுங்கள். கல்யாணப் பதிவுக்கு வரும் மாப்பிள்ளையிடம் மஹர் எவ்வளவு என்று கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

பாவிப்பவர்களே, எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான். தனியாக முடியாவிட்டால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழையுங்கள்.

வயிற்றுப் பிள்ளை ஓர் அமானிதம். அதற்கு வாய் இல்லை, நமக்கு இருக்கிறது.

இதைப் பகிருங்கள். வீட்டு ஆண்களுக்கு முதலில் அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.