எல்லை மாறியது, தணிகை மாறவில்லை!

தணிகாசலம் என்ற பெயரைக் கேட்டால், அவர் தமிழரா, தெலுங்கரா? சொல்ல முடியாது. சென்னையிலும் தணிகாசலங்கள் உண்டு, சித்தூரிலும் உண்டு.

எல்லாம் ஒரு மலையின் பெயர். முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் தணிகை என்பது கோவில் வரலாறு. ஏறிச் செல்லப் படிகள் 365. வருஷத்தின் நாளுக்கு ஒரு படி!

பெயர் பழையது. நந்தி ஆற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோவில் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அபராஜிதன் என்ற பல்லவ மன்னன் காலத்துக் கோவில் அது. அந்தக் கல்வெட்டில் ஊரின் பெயர் 'திருத்தணியல்'. மன்னனே பாடிய வெண்பாவும் அங்கே இருக்கிறது. ஊர், தாலுகா, ரெயில் நிலையம், சட்டசபைத் தொகுதி எல்லாவற்றுக்கும் இன்று அந்த மலையின் பெயர்தான்.

இவ்வளவு பழைய தமிழ்ப் பெயர் இருந்தும், ஊர் கை மாறியது.

1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானது. திருத்தணி அதில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூரோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார்.

அவர் பெயரைப் பார்க்கவில்லை. கிராமம் கிராமமாக, மக்கள் பேசும் மொழியைப் பார்த்தார். எல்லையை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்தார். 1-4-1960 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

பெயர்தான் சாட்சி என்றால் திருப்பதியும் வந்திருக்க வேண்டும். அதுவும் 'திரு'வில் தொடங்கும் ஊர்தானே? தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனாலும் அது ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பலருக்கு அந்தக் குறை இன்றும் உண்டு.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு. அவர் பிறந்தபோது ஊர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1952-ல் துணை ஜனாதிபதி ஆனபோது சித்தூர் மாவட்டம். 1962-ல் ஜனாதிபதி ஆனபோது செங்கற்பட்டு மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை!

இப்போது அது திருவள்ளூர் மாவட்டம். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்தும் பூக்காவடிகள் வருகின்றன. 'அரோகரா' என்ற கோஷம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒன்றுதான்.