வக்கீலிடம் போகாதே என்று சொல்பவர் யார்?

கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வரப்புத் தகராறோ பாகத் தகராறோ வந்த வீட்டில் முதலில் காதில் விழும் புத்திமதி இதுதான். கூடவே அதன் விளக்கவுரையும் வரும்: வழக்கு முடிந்துவிட்டால் வக்கீலுக்குப் பிழைப்பு ஏது? அதனால் அவர் முடிக்க விடமாட்டார், வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பார், கடைசியில் நிலத்தை விற்றுத்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், பட்டம் வாங்கியவர்களும் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள்.

இதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வரப்பை வெட்டி நாலு அடி உள்ளே வந்தவர், வெட்டுப்பட்டவரிடம் சொல்வார். அப்பா சொத்தை ஆண்டு அனுபவிக்கும் அண்ணன், கட்டிக்கொடுத்த தங்கையிடம் சொல்வார். குறைந்த விலைக்கு நிலம் கேட்டு வரும் தரகர், கிணறும் மோட்டாரும் வைத்திருக்கும் விவசாயியிடம் சொல்வார். அனுபவத்தில் இருப்பவருக்குக் காலம் சாதகம். எதிராளி வக்கீல் ஆபீஸ் படியேறாமல் இருக்கும் ஒவ்வொரு வருஷமும் அவருக்கு லாபம்தான். பிறர் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டு எதிரிடையாக அனுபவித்தால், உரியவர் மீட்கும் உரிமையையே இழக்க நேரிடும் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். ‘பொறு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் சில வீடுகளில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நம் மண்ணிலேயே இதற்குப் பெரிய சாட்சி கிடக்கிறது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து, டிட்கோ என்ற தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்துக்காக ஜெயங்கொண்டம் வட்டாரக் கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பட்டா நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் அனல் மின் நிலையமும் வரப்போவதாகப் பேச்சு. வந்தது எதுவும் இல்லை. அரசு நிர்ணயித்த விலை போதாது என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள். அந்த வழக்குகளுக்கென்றே ஜெயங்கொண்டத்தில் சிறப்பு சார்பு நீதிமன்றங்கள் அமைக்க வேண்டிவந்தது. நில எடுப்பு மூல மனுவைக் குறிக்கும் எல்.ஏ.ஓ.பி. என்ற நான்கு எழுத்து அந்த ஊர்களில் ரேஷன் கார்டு மாதிரி எல்லோர் வாயிலும் புழங்கியது.

அந்த வழக்குகளில் வக்கீல் செய்த வேலை என்ன? கோட்டு போட்டுக்கொண்டு உரக்கப் பேசியது அல்ல. அது சினிமாவில் நடப்பது. அன்று நடைமுறையில் இருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, தாசில்தார் கொடுக்கும் பணத்தை எந்த மறுப்பும் தெரிவிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமை அங்கேயே முடிந்தது. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி வாங்கினால் உரிமை நிற்கும். இந்த ஒரு வரியை யார் சொல்லித் தருவார்? பணம் பட்டுவாடா செய்யும் அதிகாரிக்கு அந்த அக்கறை இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. பிறகு 18ஆம் பிரிவின் கீழ் மனு. அதற்கும் கெடு உண்டு. அதிகாரி இழப்பீட்டுத் தீர்வாணை சொன்னபோது நேரில் இருந்தவருக்கு ஆறே வாரம்.

அதன் பின் விலைச் சண்டை. அதிகாரிகள் அக்கம்பக்கத்தில் நடந்த ஏதோ ஒரு கிரயத்தை ‘டேட்டா நிலம்’ என்று எடுத்துக்கொண்டு அந்த விலையை ஊர் முழுக்க வைப்பார்கள். அதைவிடக் கூடுதல் விலைக்குப் போன கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி எடுப்பதும், இரண்டு நிலத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம், எந்த ரோட்டை ஒட்டியது, எதற்குக் கிணற்றுப் பாசனம் என்று புலப்படத்தை வைத்து நிரூபிப்பதும், முந்திரி மரத்தையும் கிணற்றையும் தனியே மதிப்பிடச் சொல்வதும்தான் வழக்கு. தூசி படிந்த வேலை. விவசாயி தன்னந்தனியாக இதைச் செய்ய முடியாது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 28-அ என்ற பிரிவு. 1984இல் சேர்த்தது. ஒரே அறிவிக்கையின் கீழ் நிலம் இழந்த பக்கத்து வயல்காரர் வழக்குப் போடாமல் சும்மா இருந்திருந்தாலும், வழக்குப் போட்டவருக்கு நீதிமன்றம் விலையை உயர்த்திக் கொடுத்தால், தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்துத் தானும் அதே விகிதத்தில் கேட்க அதில் வழி இருந்தது. ‘கோர்ட்டுக்குப் போனவன் உருப்படமாட்டான்’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னவருக்கும், போனவருடைய வழக்கு சோறு போடும்! ஆனால் அந்த மூன்று மாதக் கெடுவையும் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொன்னவர் பெரும்பாலும் அதே வக்கீலாகத்தான் இருந்திருப்பார்.

சரி, வருஷக்கணக்காக இழுத்ததே, அது பொய்யா? பொய் இல்லை. இழப்பீட்டுக்குக் காத்திருந்தே கண்ணை மூடிய பெரியவர்கள் உண்டு. ஆனால் இழுத்தது யார்? கீழ்க் கோர்ட் விலையை உயர்த்தியதும் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது அரசுத் தரப்பு. ‘தனி வட்டாட்சியர், பழுப்பு நிலக்கரித் திட்டம்’ என்று தொடங்கும் வழக்குகள் சென்னையில் குவிந்தன. (பக்கத்துத் திருச்சிக்காரருக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை, நமக்குச் சென்னை.) இத்தனைக்கும் தாமதம் அரசுக்கு மலிவானதும் இல்லை. ஏக்கருக்கு ஒரு லட்சம் உயர்த்தினால் அதன்மேல் 30 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்ந்து 1,30,000 ஆகும். ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே சொல்லிவிட்டது. சுவாதீனம் எடுத்த முதல் வருஷம் 9 விழுக்காடு, அதற்குப் பிறகு 15. அதாவது ஏக்கருக்கு வருஷம் 19,500 ரூபாய் வட்டி, மக்கள் வரிப் பணத்திலிருந்து. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் வழக்கை இழுத்தவர் விவசாயியின் வக்கீல்தான் என்று சொல்வதானால், சொல்பவர் அந்த ஊருக்குப் போனதில்லை என்றுதான் நினைப்பேன். கால் நூற்றாண்டு ஆன பிறகு திட்டமே கைவிடப்பட்டு, நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கதை வேறு மாதிரி. அங்கே 2007 வாக்கில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று ஏறத்தாழ 3,000 ஏக்கர் திரட்டப்பட்டு, பல ஆண்டுகள் தொழிற்சாலை வராமலே கிடந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடு என்று விவசாயிகள் போராடினார்கள். பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். அரசு கையகப்படுத்தினால் கூடுதல் இழப்பீடு கேட்டு மனுப் போட வழி இருக்கிறது, வட்டி இருக்கிறது. ‘நாமே பேசி முடிச்சுக்கலாம்’ என்று கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டால் எழுதிய விலைதான் விலை. சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் நிலம் கேட்டு யாராவது வராத வருஷம் உண்டா? வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய வாரம். நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுப் பத்து வருஷம் கழித்துப் போகிறார்கள். பிறகு வக்கீலால் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.

வாய்தாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பேனா நீதிபதி கையில் இருக்கிறது. சம்மன் சார்வாகவில்லை, நீதிபதி மாற்றலாகிப் போனார், கமிஷனர் அளந்துவிட்டு அறிக்கை போடவில்லை, சர்வேயர் வரவில்லை: வாய்தாவுக்கு வழக்கமான காரணங்கள் இவை. மாவட்ட நீதிமன்றங்களில் மொத்தமாகப் பேசி, தவணையில் ஃபீஸ் வாங்கும் வக்கீல்கள்தான் அதிகம். அவர்களுக்கு இழுக்க இழுக்க நஷ்டம். வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்குபவரும் இருக்கிறார். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது கட்சிக்காரர் வேலை. வரும் பணத்தில் இத்தனை விழுக்காடு என்று பேரம் பேசுபவரும் இருக்கிறார். அது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கு நேர் விரோதம், பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கெட்ட வக்கீல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கெட்ட வைத்தியரைப் பார்த்துவிட்டு ஊரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறதா?

பஞ்சாயத்துப் புராணத்துக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள் ஒரே நாளில் முடித்து வைப்பார்களாம், காசு செலவில்லையாம். முடித்து வைப்பது எப்படி? இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ‘வடபக்கம் உனக்கு, தென்பக்கம் எனக்கு’ என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது. சர்வே எண் இருக்காது, உட்பிரிவு இருக்காது, அளவு இருக்காது. பாகத்தை அந்தத் தாளிலேயே பிரித்துக்கொண்டதாக எழுதிப் பதிவு செய்யாமல் விட்டால், நாளை உரிமை வழக்கு வரும்போது அந்தத் தாளை நம்பி நிற்க முடியாது. அது இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். சிவில் தகராறுக்கும் காவல் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தெரிந்தவர் அங்கே போகமாட்டார்; போகிறவருக்குக் கேட்கத் தெரியாது. இந்தப் பஞ்சாயத்துகளில் தங்கைமார்களுக்கு நாற்காலி போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சமரசம் வேண்டாம் என்று வக்கீல் நிற்கிறார் என்பதும் பாதிக்கு மேல் கட்டுக்கதை. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்ததுமே பல தகராறுகள் பேச்சுக்கு இறங்கிவிடுகின்றன. அவை கோர்ட் வாசலையே பார்ப்பதில்லை, அதனால் அவற்றை யாரும் எண்ணுவதும் இல்லை. வழக்கு நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் அந்தத் தீர்வுக்கு டிக்ரியின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். தமிழ்நாட்டில் 2017 வரை வழக்கு மதிப்பில் 7.5 விழுக்காடாக இருந்த அந்தக் கட்டணம் 3 ஆகக் குறைந்தது.

கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதை எதிர்த்து டெல்லிக்குப் போனது அதே உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு. சமரசம் செய்தவர்களுக்குப் பணம் போகக்கூடாது என்று யாரோ வழக்காடியிருக்கிறார்கள், அவர்கள் கட்சிக்காரரின் வக்கீல்கள் அல்ல.

ஃபீஸ் கட்ட வழியில்லை என்ற சாக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இரண்டு மாவட்டங்களிலும் உண்டு.

ஜெயங்கொண்டத்தில் திரும்பி வரும் நிலத்துக்கு இனிமேல்தான் வேலை இருக்கிறது. எடுக்கும்போது பட்டாவில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை. அவர்கள் மகள்களுக்கும் மகன்களோடு பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே அந்த உரிமையைத் தருகிறது, தகப்பனார் அதற்கு முன்பே இறந்திருந்தாலும் செல்லும் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றோடு கூடவே ஒரு விடுதலைப் பத்திரமும் தயாராகும். விருத்தாசலத்திலோ திருப்பூரிலோ வாழ்க்கைப்பட்ட தங்கையைத் தேடி, தட்டில் பழம் பூ வைத்து, கையெழுத்துக் கேட்டு வருவார்கள். கோர்ட் கச்சேரி என்று போனால் குடும்பம் சந்தி சிரிக்கும் என்பார்கள். ‘எங்க ஊர் வக்கீல் படிச்சுப் பார்க்கட்டும், அப்புறம் போடுறேன்’ என்று அவர் சொன்னால் வீட்டில் சண்டை வரும். வரட்டும்.