பதினைந்துக்குப் பதினைந்து

உலகப் படத்தில் கிரெனடாவைத் தேடுவதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். கரீபியன் கடலின் தென்கிழக்கு மூலையிலுள்ள அந்நாட்டின் விஸ்தீரணம் 344 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை லட்சத்துக்குச் சற்று மேல். நாம் மருந்துப் பெட்டியில் வைத்திருக்கும் ஜாதிக்காயை அவர்கள் தேசக் கொடியிலேயே வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஜனநாயகத்தைப் பற்றி அச்சிறு நாடு போதிக்கும் பாடம் பெரிது.

1974-ல் பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற கிரெனடாவில் 1979-ல் புரட்சி மூண்டது. 1983-ல் புரட்சித் தலைவர் மாரிஸ் பிஷப் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கத் துருப்புகள் வந்து இறங்கின. 1976-க்குப் பிறகு 1984 டிசம்பர் வரையில் பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. ஆகவே, வோட்டுச் சீட்டின் அருமையை அந்த ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுடைய பிரதிநிதி சபையில் ஸ்தானங்கள் 15. கீத் மிட்சலின் புதிய தேசியக் கட்சி 1999, 2013, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அத்தனை ஸ்தானங்களையும் கைப்பற்றியது! 2018-ல் அக்கட்சிக்குக் கிடைத்த வோட்டுகளோ நூற்றுக்குச் சுமார் 59தான். தொகுதியில் அதிக வோட்டுப் பெற்ற ஒருவரே ஜெயித்தவர் என்பது விதி. எதிர்க்கட்சிக்கு நாடெங்கும் வோட்டு இருந்தும், எந்தத் தொகுதியிலும் அது முந்தவில்லை. நூற்றுக்கு நாற்பது பேரின் குரல் சபை வாசலிலேயே நின்றுவிட்டது.

கேள்வி கேட்க ஆளில்லாத சபையில் வரவு செலவுத் திட்டத்தை யார் பரிசோதிப்பது? அவ்வாண்டில் ஆளுங்கட்சி அங்கத்தினர் டோபியாஸ் கிளெமெண்ட் விலகி வந்து எதிர்க்கட்சித் தலைவரானார். ஜனங்கள் தேர்ந்தெடுக்காத எதிர்க்கட்சியை ஜெயித்த கட்சியிலிருந்தே கடன் வாங்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஜனங்கள் அயர்ந்துவிடவில்லை. 1999-ல் முழுச் சபையையும் பிடித்த கட்சி 2003-ல் 8 ஸ்தானங்களுடன் தப்பிப் பிழைத்தது, எதிர்க்கட்சிக்கு 7. காரியாகூத் தீவுத் தொகுதியில் வித்தியாசம் ஆறே வோட்டு. நாலு பேர் மனம் மாறியிருந்தால் ராஜ்யமே கைமாறியிருக்கும்! 2022 ஜூனில் தேசிய ஜனநாயகக் காங்கிரஸ் 9 ஸ்தானங்கள் பெற்றது. டிக்கன் மிட்சல் பிரதம மந்திரியானார். கீத் மிட்சல் எதிர் வரிசைக்குப் போனார். துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை.

முழு வெற்றி கட்சிக்கு மகிழ்ச்சி தரலாம். தேசத்துக்கு எதிர்க்கட்சியும் வேண்டும். 'நம் ஒரு வோட்டினால் என்ன ஆகிவிடும்?' என்று தேர்தலன்று திண்ணையில் சாய்ந்திருப்போர் காரியாகூவை நினைத்துக் கொள்வார்களாக.