நட்ட கன்றை எண்ணுவது யார்?

ஊர் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் உயர்தர வகுப்பு புவியியல் மாணவர்களைத் தம்பலகாமக் குடாக் கரைக்குக் கூட்டிப் போனேன். கையில் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படம். ஓரிடத்தில் பெயர்ப்பலகை ஒன்று நின்றது. வெளிநாட்டு உதவியில் கண்டல் கன்று நடப்பட்ட இடம் என்பது மட்டும் வாசிக்க முடிந்தது. பலகை இருந்தது, கன்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த காக்கா ஒருவரிடம் கேட்டோம்.

"நட்ட அண்டைக்கு நாலு வாகனம் வந்திச்சு சேர். பிழைச்சிச்சா எண்டு பார்க்க ஒரு சைக்கிளும் வரல்ல."

இது எங்கள் கரையின் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ருஹுணு பல்கலைக்கழக, பெல்ஜிய ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து 2017 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 23 இடங்கள் பார்த்ததில் 9 இடங்களில் ஒரு கன்றும் உயிரோடில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் நட்டது, நட்டபின் பராமரிக்காதது, மாடு மிதித்தது எனக் காரணங்கள் பல. எங்கள் மீனவர் ஒருவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பாதிப் பிழை நடந்திருக்காது.

அறிக்கையில் "நட்ட கன்றுகள்" என்ற எண்ணிக்கை இருக்கும். "உயிரோடு இருப்பவை" என்ற எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டாலும் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. வாயால் சொன்னால் அது முறைப்பாடு. திகதியும் படமும் சேர்ந்தால்தான் கச்சேரியில் கோப்பு திறப்பார்கள்.

அந்தப் படத்தை நாங்களே செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கியூஜிஐஎஸ் என்று ஒரு மென்பொருள். 2002 இல் தொடங்கியது. திறந்த மூலம், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பாடசாலையில் இருக்கும் சாதாரணக் கணினியிலும் ஓடும். படங்களும் இலவசம். அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் எடுத்தவை 2008 இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. சுனாமிக்கு முந்திய எங்கள் கரையை அதில் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் சில நாட்களுக்கு ஒருமுறை எங்கள் தலைக்கு மேலால் போகின்றன. நல்ல பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எங்கே பசுமை கூடியது, எங்கே குறைந்தது என்று மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும்.

எல்லாம் மேலிருந்து தெரியாது. சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர். முழங்கால் உயரக் கன்று அதில் விழாது. மாரி காலத்தில் மேகம் மறைக்கும். ஆகவே பிள்ளைகள் போனோடு சேற்றில் இறங்கி, இடத்தைப் பதிந்து, கன்றை எண்ணத்தான் வேண்டும்.

"இதெல்லாம் எங்கட பிள்ளைகளால் ஏலுமா?" என்று கேட்பவர்கள் மட்டக்களப்பைப் பாருங்கள். 2013 அளவில் உலக வங்கி உதவியோடு அனர்த்த முகாமைத்துவ நிலையம் செய்த வேலையில், அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிப் பயிலுனர்களும் மண்முனை வடக்கில் 30,000 க்கு மேற்பட்ட கட்டடங்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் ஏற்றினார்கள். அவர்களும் கிழக்கு மாகாணப் பிள்ளைகள்தானே.

நண்பர் ஒருவர் எச்சரித்தார்: "தேவையில்லாத வேலை. படம் கீறிக் கொடுத்தால் நாளைக்கு எல்லைக்கல் போட வருவாங்க." அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. யுத்தத்தில் கைவிட்ட வயல்கள் பற்றையாகிப் போயின. மேலிருந்து பார்த்தால் அது காடு. வரம்பு எங்கே இருந்தது, யார் விதைத்தார்கள் என்பது செய்மதிக்குத் தெரியாது, எங்கள் வாப்பாமாருக்குத்தான் தெரியும். ஆனால் நாங்கள் ஒதுங்கி நின்றாலும் படம் கீறப்படும். எங்களுக்குத் தெரிந்தது அதில் இல்லாமல் கீறப்படும், அவ்வளவுதான். வாப்பாமார் இருக்கும்போதே அதைப் பதிந்து வைப்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் திட்டக்காரர் விட்ட பிழை மட்டும் தெரியாது. கரையில் மண் போட்டு நிரப்பியதும், விறகுக்குக் கண்டல் வெட்டியதும் தெரியும். அதில் எங்கள் கையும் உண்டு. மற்றவரிடம் கணக்குக் கேட்பவர் தன் கணக்கையும் காட்டத்தான் வேண்டும். இந்தக் குடா எங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. பாடசாலைக் கணினி அறையைச் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் திறந்து தாருங்கள். பழைய மாணவர்களில் நில அளவை, பொறியியல் படித்தவர்கள் மாதம் ஒருமுறை வாருங்கள். மீனவர் சங்கத்தினர் கன்று நட்ட இடங்களைக் காட்டித் தாருங்கள். ஒரேயொரு இடத்தை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணி, பிரதேச செயலகத்துக்கும் பணம் தந்தவர்களுக்கும் அனுப்புவோம். அடுத்த முறை கன்றோடு வாகனம் வரும்போது, "போன முறை நட்டதில் இத்தனைதான் மிச்சம், இந்த இடத்தில் நடாதீர்கள், அந்த இடத்தில் நடுங்கள்" என்று சொல்ல எங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

உதவ விரும்பும் பெற்றோரும் இளைஞர்களும் கீழே பெயரைப் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமையே தொடங்கலாம்.