ஃப்ளாஷை அணைங்க சாமி!

டிசம்பர் பொறந்துட்டா போதும், நம்மாளுங்க வீட்டு நாய் பூனைக்கெல்லாம் ஏழரை ஆரம்பிச்சிரும். கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் குல்லா, பொங்கலுக்குக் குட்டி வேட்டி, நெத்தியில சந்தனப் பொட்டு. சோபாவுல குடும்பத்தோட உக்கார வச்சு, மூஞ்சிக்கு நேரா பளீர்னு ஒரு ஃப்ளாஷ். படம் ஊருக்குப் போகும். சித்தி, பெரியம்மா எல்லாம் "அய்யோ, என்ன சமத்து!"ன்னு உருகுவாங்க. அது சமத்து இல்லீங்க. பயத்துல உறைஞ்சு போய் உக்காந்திருக்கு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு கேட்டா, ஒண்ணுதான். நானும் அதே தப்பைப் பண்ணவன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, லண்டன்ல எங்க வீட்டு ஹால். ஸ்டாண்டுல ரெண்டு லைட்டு, கேமரா தலையில ஃப்ளாஷ். எங்க மணி கருப்பு லேப்ரடார். பொண்ணு அவன் கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்க, நான் நாப்பது படம் எடுத்தேன். நாப்பத்தொண்ணு எடுக்கறதுக்குள்ள மணி திரும்பி அவ கையைக் கவ்விட்டான். பல்லு லேசாத்தான் பட்டுது. ஆனா வீடே ரெண்டாயிருச்சு. "கடிக்கிற நாயைக் கொழந்தை இருக்கிற வீட்டுல வைக்கலாமா? யாருக்காவது குடுத்துருப்பா"ன்னு போன் மேல போன். தங்கமணிக்கும் பாதி மனசு அந்தப் பக்கம் போயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம அந்த நாப்பதையும் வரிசையா ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது படத்துல மணி மூக்கை நக்கறான். பன்னெண்டாவதுல கொட்டாவி. அப்புறம் லைட்டுல இருந்து மொகத்தைத் திருப்பறான். காது பின்னால படிஞ்சிருக்கு. கண்ணோட வெள்ளை ஓரத்துல பிறை மாதிரி தெரியுது. நாய் பாஷையில இதெல்லாம் "போதும், விடு". படத்துக்குப் படம் சொல்லியிருக்கான். வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சுக்கிட்டே நான் பார்க்கல. இதுல கடிச்சது யார் தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

"ஒரு சிரிப்புக்குத்தானே, போகப் போகப் பழகிரும்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. நாய், பூனை, மாடு இதுங்களுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. மனுசனுக்குக் கிடையாது. உள்ள வந்த வெளிச்சத்தை இன்னொரு தடவை விழித்திரைக்கே திருப்பி அனுப்பற வேலை அதுக்கு. மங்கல்ல பார்க்கறதுக்காக இயற்கை குடுத்த வசதி. ஃப்ளாஷ் படத்துல கண்ணு பச்சையா மஞ்சளா பேய் மாதிரி எரியறதும் இதனாலதான். மங்கல்ல பார்க்கப் பொறந்த கண்ணு மேல மின்னலை அடிச்சா பிராணியும் மிரளும், படமும் பாழ்.

அப்ப படமே எடுக்கக் கூடாதா? தாராளமா எடுங்க. நாயை மாத்தாதீங்க, வெளிச்சத்தை மாத்துங்க, அவ்வளவுதான்.

இங்க டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிரும். அதனால மத்தியானமே வேலையை முடிங்க. ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி அது வழக்கமாப் படுக்கற விரிப்பைப் போடுங்க. லைட்டு வேணும்னா முன்னாடியே எரிய விட்டு, வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி வைங்க. கருப்பு நாயைப் பார்த்தா கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டி, ரோமத்தைச் சாம்பலாக்கிரும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைங்க. வெள்ளைப் பிராணிக்கு இதுவே தலைகீழ். ஷட்டர் 1/250க்குக் குறைய வேண்டாம். முக்கியமா, கீழ படுங்க. எலியட் எர்விட் (1928-2023) 1974ல நியூயார்க்ல எடுத்த படம் ஒண்ணு உலகப் பிரசித்தம். அதுல இருக்கற குட்டி நாயும் குல்லா போட்டதுதான், நான் மறைக்கல. ஆனா கேமரா அதோட ஒசரத்துக்கு எறங்கியிருக்கு. எஜமானியம்மாவுக்கு பூட்ஸ் மட்டும்தான் தெரியும். அங்க நாய்தான் பெரிய ஆள்.

இதெல்லாம் எர்விட் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் பொறந்தது பாலக்காடு சித்தூர்ப் பக்கம். கேரளாதான், ஆனா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம்னு போனா நம்ம தமிழ்தான். பொங்கலுக்குக் கேரள அரசு ஆறு மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு விடுதே, அதுல எங்க பாலக்காடும் ஒண்ணு. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, மாலை போட்டு நிறுத்துவோம். ஒரு வருஷம் சித்தப்பா ரீல் கேமராவைத் தூக்கிட்டு நேரா மாட்டுக்குப் பின்னால போனார். அப்பாரு போட்ட சத்தத்துல நாங்க எல்லாருமே நின்னுட்டோம். "பின்னால போனா அதுக்குக் கண்ணு தெரியாதுடா. தோள் பக்கமா, அது பார்க்கற மாதிரி வா. வெயில் எறங்கட்டும். கயித்தை நான் புடிக்கறேன்." மாட்டுக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கறதால சுத்தி முக்கால்வாசிக்கு மேல தெரியும், நேர் பின்னாடி மட்டும் தெரியாது. அப்பாரு இதை எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல.

சாயங்காலம் அஞ்சரை மணி வெயில்ல ரெண்டே படம். அதுல ஒண்ணு இன்னும் ஊர்ல எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. மாடு கேமராவைப் பார்க்கல, அப்பாருவைப் பார்க்குது.

மாட்டுக்குன்னு ஒரு நாளே ஒதுக்கின சனம் நாம. அந்த நாள்ல அது எசமான், நாம வேலைக்காரங்க. கடல் தாண்டி வந்ததும் பிராணியைச் சோபாவுக்கு அலங்காரமா ஆக்கிட்டோமே, இதை எங்க கத்துக்கிட்டோம்?

மணியை யாருக்கும் குடுக்கல. போன டிசம்பர்ல ஜன்னல் ஓரமா அவன் படுத்திருக்க, பொண்ணு பக்கத்துல படுத்துக்கிட்டா. நானும் தரையில. குல்லா இல்லை, ஃப்ளாஷ் இல்லை. அஞ்சு படத்தோட அவன் எழுந்து போயிட்டான். நானும் கேமராவை மூடி வச்சுட்டேன்.