எண்ணும் அனுமதியும்

சதுரங்களில் குறியிட்ட மாத்திரத்தில் கோப்பு அனுமதிக் கட்டளையை ஆக்கித் தரும் கருவி இருக்கையில், அதன் எண்கணக்கை நாகர்கோவில் வட்டாரத்து மாணவருக்குப் போதிப்பது காலவிரயம் என்று வாதிக்கும் நண்பரின் கூற்றை நான் அங்கீகரிப்பதற்கில்லை. 1971இல் யூனிக்ஸின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற 'சிஎச்மாட்' கட்டளையில், வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, உரிமையாளர், குழு, ஏனையோர் என்ற கிரமத்தில் 755 என்றெழுதுவது ஒரு வகுப்பு நேரத்துப் பாடமே. கோப்பை இயக்கும் அனுமதியான அதே 1, கோப்புறையில் உள்ளே பிரவேசிக்கும் அனுமதியாகிறது என்பதை அறியாதவன், கருவி அளித்த 644ஐ உட்கோப்புறைகள் யாவற்றின் மீதும் ஏவிவிட்டு, தன் கோப்புறைக்குள் தானே நுழையவியலாது திகைப்பான். அத்திகைப்பிலே 777 என்றிட்டு, அக்கணினியில் கணக்குள்ள எவரும் தன் கோப்புகளைத் திருத்தவும் அழிக்கவும் வழிசெய்துவிடுவான். கருவி எண்ணை வழுவின்றிக் கணிக்கும். எது கோப்பு, எது கோப்புறை, எவர் திருத்தத் தக்கவர் என்ற விவேகம் அதற்கில்லை.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம், இதே கட்டளை இயங்கும் பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தைக் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளின் கைக்கும் கொண்டுவந்தது. அப்பிள்ளைகளுக்கு எண்ணின் பொருளை முதலில் கற்பித்து, பின்னர் கருவியைக் கொடுங்கள்.