குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் போதாது

தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது, பழைய கணினியைப் பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்புக்கோ கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கோ கொடுக்கலாமே என்று தோன்றும். கட்டாயம் கொடுங்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். கோப்பை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் போவது அதன் முகவரி மட்டும்தான்; உள்ளே இருந்தது தட்டிலேயே கிடக்கும். இலவச மென்பொருளே அதை மீட்டுவிடும். அமெரிக்காவில் எம்ஐடி மாணவர் இருவர் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12!

மலேசியாவில் நம் நிலைமை இன்னும் கவலைக்குரியது. அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். அதன் நகல், சேமநிதி அறிக்கை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகம் தொடர்பான தரவுக்குத்தான். வீட்டுக் கணினிக்கு நாம்தான் பொறுப்பு.

விண்டோஸை ரீசெட் செய்யும்போது டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் இயக்குங்கள். பல மணி நேரம் ஓடும், ஓடட்டும். எஸ்எஸ்டி வகை டிரைவில் இப்படி மேலெழுதுவது எல்லா மூலைக்கும் எட்டாது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் அழிப்புக் கருவி வேண்டும். டிஸ்க் பழுதா? கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், புதிதாகச் சிறிய ஒன்றை வாங்கிப் பொருத்திக் கொடுங்கள்.